கூலரில் நிரம்பிய தண்ணீர்

வத்சலா அக்காவின் அறை ஜன்னலில் இருந்த கூலரில் தண்ணீர் குறையவே இல்லை.

மாதங்கி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். டெல்லியின் மே மாத வெயிலில் கூலர் தண்ணீர் குடிக்கிற வேகம் ஊருக்கே தெரியும். காலையில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினால் சாயங்காலத்துக்குள் தொட்டி வறண்டு, மோட்டார் தொண்டை கட்டியவன் மாதிரி கத்த ஆரம்பித்துவிடும். இன்று காலை ஜனக்புரி முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்தது, அதனால் அவள் ஒரு செம்புகூட ஊற்றவில்லை. ஆனாலும் தொட்டி விளிம்புவரை தளும்பியது. பச்சை கலந்த கறுப்புத் தண்ணீர். அதிலிருந்து அழுகிய இலையும் சேறும் மீன் செதிலும் சேர்ந்த ஒரு வாடை, அடியில் லேசான தித்திப்போடு, மெல்ல எழுந்து முகத்தில் படிந்தது.

"மேகலா, நீ ஊத்தினியா?"

"நான் ஒரு சொட்டுகூட ஊத்தலக்கா," என்றாள் மேகலா. பகலில் வத்சலாவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். பிள்ளைகளுக்கு லீவு விட்டதால் மறுநாள் விழுப்புரத்துக்கு ரயில் ஏறப்போகிறாள். "காலைல நான் வந்ததுலேர்ந்து இப்படித்தான் கெடக்கு. குளத்து நாத்தம் அடிக்குது, பாருங்க."

கட்டிலில் படுத்தபடி வத்சலா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. கண்கள் மட்டும் பாக்கி. அந்தக் கண்களைச் சந்திக்க மாதங்கிக்குத் துணிவில்லை. மூடியைச் சாத்திவிட்டு, "நாளைக்குக் கழுவிக்கலாம்," என்று சொல்லி வெளியே வந்தாள்.

மாதங்கியின் கணவன் கௌஷிக்கின் அக்கா வத்சலா. அப்பா அம்மா போனபிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். அந்த அவசரத்தில் தன் கல்யாணத்தை மறந்துபோனவள். கும்பகோணத்தில் தனியாக விழுந்து கிடந்தவளைக் கௌஷிக்தான் போய்த் தூக்கிவந்தான். மாதங்கியும் முகம் சுளிக்காமல்தான் பார்த்துக்கொண்டாள், முதலில். அப்புறம் துணி மாற்றுவதும், புரட்டிப் போடுவதும், ராத்திரித் தூக்கம் கெடுவதும் மாதக்கணக்கில் நீண்டபோது அவளுக்குள் ஏதோ ஒன்று காய்ந்துவிட்டது. அதற்கு அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டதால் எரிச்சல் இன்னும் கூடியது.

இந்த வருஷம் கௌஷிக் ஆபீசில் தருகிற எல்.டி.சி. பயணச் சலுகையை எடுத்தே ஆகவேண்டும், விட்டால் போய்விடும். வடகிழக்குக்குப் போனால் விமானமே கிடைக்கும் என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். அசாம் பக்கம் ஒரு சதுப்பு ஏரி. அதன் பேர் மகள் பட்டுவின் வாயில் மட்டும்தான் நுழைந்தது. தண்ணீர்மேல் மிதக்கும் புல்திட்டுகள், மூங்கில் வீடு, படகு, பறவைகள். பட்டு போனில் படங்களை எடுத்துக்கொண்டு நேராக அத்தையிடம்தான் ஓடினாள்.

"அத்தை, தேக்கோ, இங்க பாரு, இது மண்ணு இல்ல, புல்லு! மேல நடந்தா அமுங்குமாம். நீயும் வருவேல்ல?"

வத்சலா தம்பியைப் பார்த்தாள். கௌஷிக், "பின்னே, உன்னை விட்டுட்டா போவோம்?" என்று சொல்லிவிட்டான். வேறென்ன சொல்வான்? அக்காவின் உதட்டின் ஒரு பாதி சிரித்தது. அன்றிலிருந்து பட்டு தினமும் அத்தையோடு உட்கார்ந்து பிரயாணத் திட்டம் போட்டாள். அத்தைக்கென்று ஒரு பைகூடத் தயாரானது.

உண்மையான திட்டம் அந்தக் கட்டிலின் மேலேயே இந்தியில் பேசி முடிவானது. வெளியில் போனால் கடைக்காரனுக்குப் புரியாமல் தமிழில் பேசிக்கொள்வதும், ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்களுக்குப் புரியாமல் இந்தியில் பேசிக்கொள்வதும் இந்த வீட்டில் வழக்கம். வத்சலாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு விரிப்பை உருவியபடியே கௌஷிக் சொன்னான், துவாரகா தாண்டி முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லம் பார்த்திருக்கிறேன், நாம் வருகிறவரை வைத்துக்கொள்வார்களாம் என்று. மாதங்கி புது விரிப்பைப் போட்டாள். சுருக்கத்தை நீவிவிட்டாள். "வாபஸ் லானே கீ கியா ஜரூரத் ஹை?" என்றாள்.

திரும்பக் கூட்டிவருவானேன்? அவ்வளவுதான் கேட்டாள். கௌஷிக் அழுக்கு விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு, "அச்சா," என்றான். இருவருக்கும் நடுவே வத்சலா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

மேகலா ஊருக்குப் போன பிறகு அந்த அறை மாதங்கியின் பொறுப்பாயிற்று. கூலர் தொட்டியை அவள் அடிவரை காலிசெய்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டாள். சாயங்காலம் மறுபடி நிரம்பியிருந்தது. காற்றைக் குளிர்விக்கக் கூலரின் பக்கவாட்டில் அடைத்த காய்ந்த புல்லில் பச்சையாக ஒரு முளை எட்டிப்பார்த்தது. பிய்த்து எறிந்தாள். வேர் விரல் நீளத்துக்கு வந்தது.

"மாடியில பைப் லீக் இருக்கும், பிளம்பர் பையாகிட்ட சொல்லிடறேன்," என்றான் கௌஷிக். அவனுக்கு எல்லாமே பைப் லீக்தான்.

மொசைக் தரையில் எவ்வளவு துடைத்தாலும் ஈரம் ஊறியது. அறைக்குள் போய்விட்டு வந்தால் புடவைக் கரை நனைந்து சேறு வாடை அடித்தது. இவ்வளவும் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மத்தியானம் வத்சலாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்தபோது காலடியில் தரை லேசாக அமுங்கி மறுபடி மேலே வந்தது. மெத்தைமேல் நின்றதுபோல. மாதங்கி கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். மனப்பிராந்தி, தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூலர் காற்று ஈரமாக அவள் பிடரியில் அடித்தது. அதன் இரைச்சலுக்கு அடியில், ரொம்ப தூரத்தில், யாரோ துடுப்புப் போடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள்தான் வத்சலாவைக் கூட்டிப்போக இல்லத்து வண்டி வருவதாக இருந்தது. அன்று காலை பட்டு பள்ளிக்கூடத்து இந்திக் கதைப் புத்தகத்தை அத்தைக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நரி ஏமாந்துபோகிற கதை. படம்கூட இல்லாத பக்கம். நரி குளத்தில் விழுந்த வரியில் வத்சலாவின் தொண்டையிலிருந்து களுக்கென்று சிரிப்பு வந்தது.

அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த மாதங்கியின் கை நின்றது. மொட்டைமாடிக்கு ஓடி, கௌஷிக்குக்குப் போன் போட்டாள்.

"அக்காவுக்கு இந்தி தெரியுமா?"

"எதுக்குக் கேக்கற?"

"தெரியுமா, தெரியாதா?"

அவன் யோசித்தான். "சின்ன வயசுல பரீட்சையெல்லாம் எழுதினா. பிராத்மிக், மத்யமா... பிரவீண் வரைக்கும் முடிச்சான்னு நினைக்கறேன். தெருப் பசங்களுக்கு டியூஷன்கூட..." அவன் குரல் பாதியில் அறுந்தது. "ஐயோ, மாதங்கி."

கும்பகோணத்துத் தெருக்களில் பாதிப் பெண்கள் அந்தப் பரீட்சைகளை எழுதியவர்கள்தான். டெல்லிக்கு வந்தபோது வத்சலாவால் பேசமுடியவில்லை, அதனால் அவளுக்குத் தெரியும் என்பதே யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று. விரிப்பு மாற்றியதிலிருந்து எல்லாவற்றையும் அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, பட்டு காட்டிய படங்களைப் பார்த்து அந்தப் பாதி உதட்டால் சிரித்துமிருக்கிறாள். மாதங்கி மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய பாவி நான் என்று வாய்விட்டே சொன்னாள்.

"வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்கோ," என்றாள். "அக்காவைக் கூட்டிண்டே போவோம். இல்லேன்னா போகவே வேண்டாம்."

"இல்லத்துக்காரா கிளம்பிட்டாளே. நான் போன் பண்ணிப் பாக்கறேன். நீ அக்காகிட்ட ஏதாவது சொல்லி வை."

அவள் போனை வைத்தபோது மேற்கே வானம் மஞ்சளாகியிருந்தது. ஆந்தி. டெல்லிக்காரர்களுக்குப் பழகிப்போன புழுதிக்காற்று, எங்கும் ஜன்னல்களைப் படபடவென்று சாத்துகிற சத்தம். அவள் படியிறங்குவதற்குள் பட்டப்பகல் பழுப்பாகி, வீட்டுக்குள் பொருள்களின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

கூலர் ஓயவில்லை.

கரண்ட் இல்லாத வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் இல்லாமல் சளப், சளப் என்று தண்ணீர் மட்டும் புரளும் சத்தம். அக்காவின் அறைக் கதவு மூடியிருந்தது. கதவின் அடியிலிருந்து ஹாலுக்குள் மெல்லிய தண்ணீர் நாக்கு நீண்டிருந்தது.

"பட்டு?"

பட்டு தன் அறையில் இல்லை. சமையலறையில் இல்லை. அத்தைக்கென்று தயாரான பை ஹால் மூலையில் இருக்கும். அதையும் காணோம்.

மாதங்கி கதவில் நெற்றியை வைத்தாள். மரம் ஊறிக் குளிர்ந்திருந்தது. திறக்கப் பயம். திறக்காமல் இருக்க அதைவிடப் பயம். "அக்கா," என்றாள் கதவைப் பார்த்து. "நாங்க பொய் சொல்லிட்டோம். உங்களை அங்க விட்டுட்டு வந்துடலாம்னு சொன்னது நான்தான். அவர் இல்லை, நான்தான். வண்டி வேண்டாம்னு சொல்லியாச்சு. என்னை மன்னிச்சுடுங்கோ. குழந்தையை மட்டும் வெளில அனுப்பிடுங்கோ."

தண்ணீர் சத்தம் நின்றது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு வருஷமாக யாரும் கேட்காத குரல். டியூஷன் எடுப்பவர்களின் நிதானத்தோடு, திருத்தமான இந்தியில்.

"மாலூம் ஹை."

தெரியும் என்றது. அதில் கோபமே இல்லை. அதுதான் மாதங்கியின் எலும்புவரை போயிற்று. கதவைத் தள்ளினாள்.

எதிர்ச்சுவர் இல்லை. ஜன்னல் இருந்த இடத்திலிருந்து கோரைகள். ஆளுயரத்துக்கு. பழுப்பு வெளிச்சத்தில் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். அதன் நடுவே கட்டில், சுவரைவிட்டு விலகி, மெதுவாக அசைந்துகொண்டு. வத்சலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பட்டு, பிறந்தநாள் கவுன் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு. வத்சலாவின் வலது கை அவள் தோளைச் சுற்றியிருந்தது.

"பட்டு! இறங்குடி! இங்க வா!"

பட்டு திரும்பவில்லை. அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

மாதங்கி உள்ளே கால் வைத்தாள். தரை அமுங்கியது. இந்தமுறை மேலே வரவில்லை. முழங்கால். தொடை. கீழே ஏதோ வழுவழுப்பாகக் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. கையை நீட்டினாள். கட்டில் சட்டம் ஒரு முழத்தில் இருந்தது. பிறகு இரண்டு முழத்தில். யாரும் தள்ளாமலே போயிற்று.

பின்னால் வாசல் மணி அடித்தது. வண்டி வந்துவிட்டது. "மேடம்ஜி!" என்று யாரோ கூப்பிட்டார்கள். மறுபடி மணி.

கோரைகள் விலகிக் கட்டிலுக்கு வழிவிட்டன. அது உள்ளே போனதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து மூடிக்கொண்டன. மாதங்கி கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கட்டில் போன வழியிலிருந்து ஒரே ஒரு அலை மட்டும் திரும்பி வந்து, வெதுவெதுப்பாக, அவள் இடுப்பில் மோதியது.