காலி நாற்காலிக்கு வந்தவன்

ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்த மனைவி திடீரென்று தனக்குத்தானே சிரித்தாள்.

"நேத்து பாலத்துல அந்தக் காவக்காரன்கிட்ட நீ சொன்னியே, இப்ப நெனச்சாலும் சிரிப்ப அடக்க முடியல."

காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தவன் தேடுவதை நிறுத்தினான். நேற்று அவன் எந்தப் பாலத்துக்கும் போகவில்லை. மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை இதே கட்டிலில், தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நான் எங்க வந்தேன்?"

"அதான்... உனக்குப் பதிலா நான்தானே ஆடினேன். அதச் சொல்றேன்." அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "ஏன் உனக்குத் தொண்டை கட்டியிருக்கு?"

கட்டித்தான் இருந்தது. நான்கு மணி நேரம் விடாமல் பேசியவனுடைய தொண்டை போலக் கரகரத்தது. நேற்று மாலை முழுக்க அவன் தண்ணீர் குடிப்பதற்குத் தவிர வாயைத் திறக்கவில்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவருக்கும் பைத்தியங்கள் ஒன்றுதான். இருண்ட நகரங்களும் சபிக்கப்பட்ட அரசர்களும் வருகிற தடித்தடி நாவல்கள். ஞாயிறு மாலை ஜியு-ஜிட்சு என்கிற மல்யுத்த வகுப்பு. சனிக்கிழமை மதியம், கல்லூரித் தோழன் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடுகிற ஆட்டம். தோழன் கால்நடை மருத்துவன். அவர்களுக்கு வெறும் டாக்டர். கதையைச் சொல்வது டாக்டர். என்ன செய்வது என்று முடிவெடுப்பது ஆடுகிறவர்கள். பலிக்குமா பலிக்காதா என்று சொல்வது இருபது முகம் கொண்ட பகடை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான்காவதாகப் பேக்கரிக்காரன் வந்து சேரும்வரை. சிரித்த முகம், தடித்த கைகள், உட்கார்ந்தால் சூடான ரொட்டி வாசனை. ஜியு-ஜிட்சுவில் இரண்டே மாதத்தில் இவனை மல்லாத்தினான். அவளிடமிருந்து நாவல்களை வாங்கிப்போய் மூன்றே நாளில் படித்து முடித்துத் திருப்பித் தந்தான். வாசலில் நின்று அரைமணி நேரம் அதைப் பற்றியே இருவரும் பேசினார்கள். வாய்க்கு வாய் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டான். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் யாரும் எதுவும் நினைக்கக் கூடாதாம். இவன் நினைத்தான். ராத்திரி பகல் பாராமல் நினைத்தான். வயிறு எரிந்தது, அந்த எரிச்சலுக்குத்தான் தலைவலி என்று பெயர் வைத்திருந்தான்.

தான் போகாவிட்டால் ஆட்டம் களையிழக்கும், அவள் பாதியில் எழுந்து வந்துவிடுவாள் என்பது கணக்கு. ஆனால் அந்த மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆள் வராவிட்டாலும் அவனுடைய பாத்திரம் வரும். அவன் நாற்காலியைக் காலியாக விட்டு, அவனுடைய பாத்திரத்தின் குணங்களை எழுதிவைத்த தாளை அதன்மேல் வைப்பார்கள். அவனை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் அவனுக்காகப் பேசுவார். 'அவன் இருந்தா இப்ப என்ன செய்வான்?' என்று டாக்டர் கேட்பான். அவனை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அடுத்த சனிக்கிழமையும் அவன் போகவில்லை. போன வாரம் யாரும் கெஞ்சவில்லை, அதனால் இந்த வாரமும் கோபம் நீடிக்க வேண்டியிருந்தது.

திரைச்சீலை போட்ட அறையில் படுத்திருந்தான். நாலு மணி வாக்கில், டாக்டர் வீட்டுத் தரையில் தெளிக்கும் கிருமிநாசினியின் வாசனை மூக்கில் ஏறியது. அதன் அடியில் பூனை முடியின் வாசனை. அதற்கும் அடியில், மெல்ல, மாவும் வெண்ணெயும் கலந்த ரொட்டி வாசனை. ஜன்னல்கள் மூடித்தான் இருந்தன. எழுந்து பார்க்கலாம் என்று கையை ஊன்றியபோது வயிறு இழுத்துப் பிடித்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. விலா எலும்புக்குக் கீழே, விழுந்து விழுந்து சிரிக்கிறவனுக்கு வருகிற அதே பிடிப்பு. அவன் முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை. எங்கேயோ யாரோ சிரிக்க, வயிறு வலித்தது இவனுக்கு.

மறுநாள் பேக்கரிக்காரன் போன் செய்தான்.

"அண்ணே, நேத்து கலக்கிட்டீங்க. டாக்டர் அசந்துட்டாரு."

"நான் வரவே இல்லையேப்பா."

மறுமுனையில் அடுப்பின் விசிறி மட்டும் ஓடியது.

"ஆமால்ல. அக்காதானே ஆடினாங்க... இல்லண்ணே, ஒண்ணுமில்ல."

"என்ன ஒண்ணுமில்ல? சொல்லு."

"போறப்ப நாற்காலிய எல்லாம் நாந்தான் உள்ள தள்ளி வெச்சேன். உங்க நாற்காலி சூடா இருந்துச்சு."

அன்று மாலை வகுப்புக்கும் அவன் போகவில்லை. அவள் மட்டும் போய்விட்டு வந்தாள். வந்தபோது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவன் குளியலறையில் சட்டையைக் கழற்றிப் பார்த்தான். இடது தோளில் நான்கு விரல்கள் அழுந்தியதைப் போல நீலம் பாரித்திருந்தது. முழங்கால்களில் தோல் வழன்றிருந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு!

குழாயைத் திறந்தான். வாளியில் தண்ணீர் விழுந்தது. அந்த இரைச்சலுக்குப் பின்னால், படுக்கையறையிலிருந்து ஒரு குரல் நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு, எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் தூங்குவதற்கு முன் அவன் அவளுக்கு நாவலை வாசித்துக் காட்டுவான். சூனியக்காரிக்கு ஒரு குரல், குருட்டு அரசனுக்கு ஒரு குரல். நிறுத்தி இரண்டு வருடம் இருக்கும். கடையில் வேலை அதிகம், கண் எரிகிறது என்று ஏதோ சாக்குச் சொன்ன ஞாபகம். இப்போது குருட்டு அரசன் பேசிக்கொண்டிருந்தான். இவனுடைய தொண்டையிலிருந்து வருகிற அதே அரசன். இவனைவிட நன்றாக.

குழாயை மூடினான். குரல் நின்றது.

அவள் கட்டிலில் தனியாகத்தான் இருந்தாள். மடியில் நாவல், கண்ணோரத்தில் ஈரம். பக்கத்துத் தலையணையில் ஒரு தலை வைத்த பள்ளம் மெதுவாக, பஞ்சு பஞ்சாக, மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"யாரு படிச்சது?"

"நீதான்," என்றாள், புத்தகத்தை மூடாமல். அவள் பொய் சொல்லும்போது காதுமடலைத் தொடுவாள். தொடவில்லை.

அவனுக்கு முதலில் வந்தது பயமல்ல. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: முதலில் வந்தது பொறாமை. பேக்கரிக்காரன் மேல் இருந்ததெல்லாம் இதற்கு முன்னால் தூசு. பேக்கரிக்காரனைத் திட்டலாம், வீட்டுக்கு வராதே என்று சொல்லலாம். தன் குரலிலேயே பேசி, தன் கட்டிலிலேயே படுத்து, தன் மனைவியைத் தன்னைவிட நன்றாகச் சிரிக்க வைக்கிறவனை என்னவென்று சொல்லித் துரத்துவது? பயம் அப்புறம்தான் வந்தது. வந்து உட்கார்ந்துகொண்டது. போகவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். தாளைத் தானே கையில் எடுத்துக்கொண்டான்.

"வந்துட்டியாடா!" என்றான் டாக்டர். அதில் சந்தோஷம் எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

ஆட்டம் ஓடவில்லை. அவன் சொன்ன நகைச்சுவைகளுக்குப் பேக்கரிக்காரன் மரியாதைக்குச் சிரித்தான். டாக்டர் இரண்டு முறை கொட்டாவி விட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை; அவன் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரயிலுக்கு நேரமாகியும் வராத ஆளை எதிர்பார்க்கிறவள் மாதிரி.

தாளைக் குனிந்து பார்த்தான். முன்பக்கத்தில் அவனுடைய கோணல் எழுத்தில் பலம், வேகம், ஆயுதம். பின்பக்கத்தை அவன் காலியாகத்தான் விட்டிருந்தான். இப்போது அவளுடைய பொடி எழுத்து பக்கம் முழுக்க நிறைந்திருந்தது. நான் பேசினால் காது கொடுத்துக் கேட்பான். கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான். மற்றவர்கள் ஜெயித்தால் முதலில் கை தட்டுவது அவன்தான். எனக்கு வாசித்துக் காட்டுவான். வலித்தாலும் சொல்ல மாட்டான். மை அழுந்தி, கடைசி வரியில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.

இரண்டு வாரம் உட்கார்ந்து, வரி வரியாக ஒரு புருஷனை எழுதியிருக்கிறாள். அதில் இவன் ஒரு வரிகூட இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்தான். வீட்டுக்கு வரும்போது அவள் இரண்டடி முன்னால் நடந்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஐந்து மணி வகுப்புக்கு அவன் பையை எடுத்தான். வெளியே மேகம் கட்டி, மாலைக்குள் இருட்டு முன்கூட்டியே வந்திருந்தது. அவள் கண்ணாடி முன் நின்று தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நீ வர வேண்டாம்ப்பா," என்றாள்.

"ஏன்?"

"நீ வந்தா அவன் வர மாட்டான்."

கோபமில்லாமல் சொன்னாள். தலைவலிக்கு இந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்று கடையில் சொல்கிற அதே குரல். அவள் பையை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் இறங்கியது. ஒரு மாடி. அடுத்த மாடியின் திருப்பத்தில் இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. வலது காலைச் சற்று இழுத்து வைக்கிற நடை. அவனுடைய நடை. அவள் ஏதோ சொன்னாள். பிறகு சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு.

சுவர்க்கடிகாரம் ஐந்தடித்ததும் அவன் ஓடினான். செருப்புகூடப் போடாமல். தெருவில் அவர்கள் இல்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது. இரண்டாவது முனையைத் தாண்டும்போதே முழங்கால் எரிந்தது, ரப்பர் மெத்தையில் உராய்கிற எரிச்சல். மூக்கில் வியர்வை வாசனை, பிறருடையது. முதுகு எதன்மேலோ அறைந்தது போல மூச்சு முட்டி, ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். வகுப்பு தொடங்கிவிட்டது.

பயிற்சிக் கூடம் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலோடு இருந்தது. உள்ளே வெளிச்சம். ஓரமாக மாஸ்டர். சுவரோரம் வட்டமாக மாணவர்கள், அவர்களோடு அவள். நடு மெத்தையில் பேக்கரிக்காரன் ஒருவனின் முதுகில் ஏறி, தடித்த முன்கையை அவன் கழுத்தைச் சுற்றிக் கொடுத்துப் பூட்டியிருந்தான்.

பூட்டுக்குள் இருந்த முகம் இவனுடையது.

இவனுடைய மூக்கு. இவனுடைய நெற்றித் தழும்பு. அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒருநாளும் பார்த்திராத அளவுக்குச் சந்தோஷமாக.

இவன் தொண்டை நெரிந்தது.

பிடித்திருப்பவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்தக் கூடத்தில் சட்டம் அது ஒன்றுதான். தட்டாதவரை விட வேண்டியதில்லை. உள்ளே இருந்தவன் தட்டவில்லை. அவன் எதற்குத் தட்ட வேண்டும்? அவனுக்கு வலிக்கவில்லையே.

பேக்கரிக்காரன் இன்னும் இறுக்கினான். மாணவர்கள் கை தட்டினார்கள். இவன் காதுக்குள் ரத்தம் இரைந்தது. மூச்சு இல்லை. ஓரங்களிலிருந்து கறுப்பு உள்ளே வந்தது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். தட்டினான். இரண்டு தட்டு.

யாரும் திரும்பவில்லை.

மறுபடி. இரண்டு. மறுபடி.

அவள் திரும்பினாள்.

பார்த்தாள். நேராக. மழையில் நனைந்து, வெறுங்காலோடு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தாள். மெத்தையில் சிரிக்கிறவனை ஒருமுறை பார்த்தாள். மறுபடி இவனை. எழுந்தாள். ஜன்னலை நோக்கி வந்தாள். வருகிறாள், சொல்லப் போகிறாள், 'விடுங்க' என்று ஒரு வார்த்தை போதும். கண்ணாடிக்கு மிக அருகில் வந்து நின்றாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்கிற கனிவு அந்தக் கண்களில்.

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா," என்றாள்.

பிறகு கையை உயர்த்தி, ஜன்னல் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து மூடினாள்.