மூடாத டிஸ்க்

மூன்று நிமிடம் குறைந்திருந்தது. டிவிடி ரெக்கார்டரின் முகப்பில், மிச்சம் ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம் என்று பச்சை எழுத்து காட்டியது. நாற்பத்தொன்பது இருக்க வேண்டும். வேறு யார் வீட்டு டிஸ்க்காக இருந்தாலும் டிவி மெக்கானிக்கான அவன் கண்டுகொண்டிருக்க மாட்டான். இந்த டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது மட்டும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இரண்டு மணி நேர டிஸ்க். அதில் பதினோரு நிமிடம் அவன் மனைவி.

மூன்று வருடத்துக்கு முன், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த வாரம், இதே ஹாலில், இதே பிரம்பு நாற்காலியில் அவளை உட்காரவைத்து எடுத்தது. முடி உதிர்ந்து, கன்னம் ஒட்டி, ஆளே மாறிப்போயிருந்தாள். கடைசி நிமிடத்தில் இரண்டு கையையும் நீட்டி, "குட்டி, அம்மா மடிக்கு வாடி" என்று கூப்பிடுவாள். மூன்று வயதுக் குட்டி, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வீறிடும். நீட்டிய கை நீட்டியபடி இருக்கப் படம் நின்றுவிடும்.

"டிஸ்க்க மூடிடவா?" என்று அன்று கேட்டான்.

"மூடாதீங்க. அவ வந்து மடியில உட்கார்றதையும் எடுத்துட்டு மூடலாம்."

அதற்குள் அவள் போய்விட்டாள். இனி எதுவும் பதிய முடியாதபடி மூடாத டிஸ்க், பதிந்த பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது. "வேலை முடிஞ்சதும் மூடிடுங்க சார்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிற இந்தப் பெரிய மனிதனுக்கு, தன் டிஸ்க்கை மூட மட்டும் மனசு வரவில்லை. பிரதி எடுப்பதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

நாலு நாளாகப் பெட்டி மக்கர் செய்தது. டிஸ்க்கை உள்ளே வாங்கி, கரகரவென்று சுற்றிவிட்டு, 'டிஸ்க் இல்லை' என்று வெளியே தள்ளியது. அம்மா குரல் மறந்துபோச்சு என்று ஆறு வயதுக் குட்டி நேற்று அழுதாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. இன்று சாயங்காலம், மழை இருட்டு ஹாலுக்குள் வந்துவிட்ட நேரத்தில், டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லென்ஸைத் துடைத்து, தட்டை இழுக்கும் பெல்ட்டை மாற்றினான். டிஸ்க் படித்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில்தான் அந்த மூன்று நிமிடம் கண்ணில் பட்டது.

பட்டியலில் இரண்டாவதாக ஒரு பதிவு இருந்தது. ஓடவிட்டான்.

பிரம்பு நாற்காலி. காலியாக. பின்னால் வெள்ளைச் சுவர். அவள் இருந்தவரை அந்தச் சுவர் நீலம். போன மாதம்தான் வெள்ளை அடித்தது. காமிராவை அவன் விற்றே இரண்டு வருடமாகிறது. பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினான். காமிராவைச் சேர்க்கும் மஞ்சள் ஒயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

படத்திலும் மழை பெய்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் பிரம்பு நெரியும் சத்தம் கேட்டது, யாரோ கைப்பிடியை ஊன்றி எழுந்ததுபோல. பிறகு செருப்பு தரையில் தேய்ந்து தேய்ந்து நகரும் ஓசை. அவள் கடைசி நாட்களில் அப்படித்தான் நடந்தாள். ஓசை ஹாலைக் கடந்து குட்டியின் அறைப் பக்கம் போனது. அவள் காலுக்குத் தடவிய தைலத்தின் வாடை லேசாக வந்தது.

உள் அறையிலிருந்து குட்டியின் குரல் கேட்டது. "வரமாட்டேன் போ."

"யார்கிட்டடி பேசுற?"

"உங்ககிட்ட இல்லப்பா."

ஓடினான். குட்டி தனியாகப் படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடியில் தைல வாடை. வாரித் தூக்கிவந்து, எட்டினால் தொடும் தூரத்தில், கையில் கிடைத்த பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தான்.

"இத விட்டு எறங்கவே கூடாது."

"சரிப்பா."

திரும்பினான். முகப்பில் சிவப்புப் புள்ளி. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் ஒரு மணி நாற்பத்திரண்டு.

ஸ்டாப்பை அழுத்தினான். நின்றது. பிளக்கைப் பிடுங்கினால் டிஸ்க் பாழாகலாம், அவள் குரலும் அதோடு போய்விடும். மூடிவிட்டால் குரல் தங்கும், அதன்பின் ஒரு நொடிகூட ஏறாது. பெற்றவளுக்குப் பயந்து பிள்ளையை ஒளிக்கிறோமே என்று தோன்றியது. இருந்தாலும் விரல் மூடும் பட்டனை அழுத்திவிட்டது.

நான்கு நிமிட வேலை. லேசர் பழசு. நடுவில் நின்றால் எல்லாம் போச்சு. வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பத்து சதவீதம். முப்பது.

பின்னால் பிரம்பு நெரிந்தது.

"ஆடாம உட்காரு கண்ணு."

"நான் ஆடலப்பா."

அறுபது. மறுபடி நெரிந்தது. கனமாக. எண்பது. தைல வாடை தொண்டைவரை.

"அப்பா... இப்ப பயமா இல்லப்பா."

தொண்ணூறு. திரும்பவில்லை. திரும்பப் பயம். நூறு.

டிஸ்க்கை மூடியதும், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சின்னப் படம் திரையில் வரும். வந்தது. முதல் படத்தில் அவள், கை நீட்டியபடி. இரண்டாவதில் காலி நாற்காலி. மூன்றாவதில் வெள்ளைச் சுவர். கீழ் ஓரத்தில் பெட்டிமேல் குனிந்த அவன் தலை. அவனுக்குப் பின்னால் நாற்காலியில் அவள். மடியில் குட்டி. நீட்டியிருந்த கைகள் இப்போது இறுகச் சேர்ந்திருந்தன.

"குட்டி?"

திரும்பினான். நாற்காலியில் யாருமில்லை. குழிந்திருந்த பிரம்பு மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

திரையில் மற்றதெல்லாம் அசையாமல் நின்றது. குட்டியின் ஒரு கை மட்டும், அந்தப் பிடிக்குள்ளிருந்து நழுவி, கீழே இறங்கி, அப்பாவின் காலைத் தேடித் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.