ஏழாம் பெட்டியின் பட்டினி

ஏழாம் பெட்டியில் தீனியாகப் போட்ட சுவர்க்கோழிப் பூச்சி இன்றைக்கும் அப்படியே கிடந்தது. தப்பி ஓடியிருந்தால்கூட மனசு ஆறும். ஓடவில்லை. வெள்ளைப் பசை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பாசியோடு சேர்த்து ஒட்டி, கொன்றும் வைத்திருந்தன. தின்னத்தான் இல்லை. கேட்டு வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டு, கை வைக்காமல் எழுந்துபோகிற பிள்ளைகளை என்ன செய்வது?

“உங்களுக்கு என்னதான்டி வேணும்?” என்றாள் அவள். “நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. நீங்க செத்துத் தொலைஞ்சா என் தலையைத்தான் உருட்டுவாங்க. தெரியுமில்ல?”

பெட்டிக்குள் பதினொரு புழுக்கள். சிவப்பு விளக்கில் விரல் நீளத்துக்கு வரிசையாகப் படுத்திருந்தன. வெல்வெட் புழு என்று பெயர்தான். புழு என்பது பாதிப் பொய். புழுவுக்கு ஏது கால்? இவற்றுக்கு உடம்பின் இரு ஓரமும் குட்டைக் குட்டையாகக் கால்கள், தொட்டால் நனைந்த பட்டுத்துணி போன்ற தோல், முன்னால் எப்போதும் காற்றைத் தடவிக்கொண்டே இருக்கும் இரண்டு கொம்புகள். வாயின் இரு பக்கமும் பசையைப் பீய்ச்சும் முனைகள். பீய்ச்சினால் கண் இமைப்பதற்குள் இரை வலைக்குள்.

ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த அறையில் எட்டு வருஷமாக இவற்றைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வெளியே காலை பதினொரு மணி, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே நடுச்சாமம். வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் பிராணிகள் இவை. அதனால் இரவெல்லாம் தானாக வெள்ளை விளக்கு எரியும், பகலெல்லாம் சிவப்பு விளக்கு மட்டும். இவை ஏமாந்து பகலில் நடமாடும். மனிதர்கள் கண் விழிக்காமல் பார்க்கலாம். ஈரம் குறையாமலிருக்க மூலையில் ஒரு கருவி இருபத்துநாலு மணி நேரமும் புகையாகப் பனியைக் கக்கிக்கொண்டிருந்தது. மக்கிய மரமும் மழைமண்ணும் கலந்த வாசம் அவள் புடவையில் ஏறி, வீட்டுக்கும் வந்து, சாப்பாட்டிலும் உட்கார்ந்துகொள்ளும்.

ஏழு பெட்டி, ஏழு இனம். ஆராய்ச்சிக்குத் தலைவரான டாக்டர், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: “வெப்பக்காட்டுல மலைக்கு ஒரு இனம்னு நினைக்காதீங்க. விழுந்து கிடக்கிற மரத்துக்கு ஒரு இனம். பாக்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காலை எண்ணிப் பாத்தா பங்காளிகூட இல்ல.” ஆறாம் பெட்டிக்கு இருபத்தெட்டு ஜோடிக் கால். ஏழாம் பெட்டிக்கு நாற்பத்தேழு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. அணைக்காக மூழ்கப்போகிற பள்ளத்தாக்கிலிருந்து, பீப்பாய்த் தடிமனில் இருந்த ஒரு மக்கிய மரத்தை அப்படியே லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். அதிலிருந்து வெளியே வந்தவை பன்னிரண்டு. பள்ளத்தாக்கு இப்போது தண்ணீருக்குள். திங்கட்கிழமை ஒன்று செத்தது, டாக்டர் அறுத்துப் பார்க்க எடுத்துப்போனார். மிச்சம் பதினொன்று. உலகத்துக்கே அவ்வளவுதான். நாளை வருகிற நிபுணர் குழு பார்த்து ஒப்புக்கொண்டால் புது இனம். செத்துக் கிடந்தால், பெட்டிக்குப் பொறுப்பானவள் யார் என்று கேட்பார்கள்.

மரம் மூலையிலேயே கிடந்தது, ஈரச் சாக்குப் போர்த்தி. குழு வந்து போன பிறகு அறுப்போம் என்றிருந்தார் டாக்டர். ஒரு முனையில் கைமுஷ்டி நுழையாத அளவுக்கு ஒரு வெடிப்பு. நேற்றுவரை மூடியிருந்த சாக்கு இன்று ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததை, இழுத்துவிட்டு, திட்டிக்கொண்டே வந்தாள்.

திட்டுவதற்கா விஷயமில்லை? பொய்க்கூரைத் தகட்டில் ஒரு ஈரக்கறை. ஒழுகலென்று புகார் எழுதினாள். மறுநாள் பார்த்தால் கறை நாலு தகடு தள்ளி இருந்தது. “கறை நடக்குமா அக்கா?” என்று பராமரிப்புப் பிரிவுப் பெண் தொலைபேசியில் சிரித்தாள். வெள்ளை விளக்கைக் கையால் போடும் சுவிட்ச் வேலை செய்யவில்லை, அதற்கு மூன்று புகார். கூரைக்கு மேல் எலி ஓடுகிறது, அதற்கு ஒரு புகார். அலுவலகத்தில் அவளுக்குப் புகார் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

கடைசியில் போன சனிக்கிழமைதான் எலக்ட்ரீஷியன் வந்தார். தொப்பையும் இருமலுமாக, ஏணியே பயப்படுகிற உடம்பு.

“ஏம்மா, சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. கோளாறு மேல இருக்கு. தகடைத் தூக்கி ஒயரைப் பாக்கணும்.”

“மூணு மாசமா இதைத்தாண்ணே சொல்லிட்டிருக்கேன்.”

“நீ சொல்லாத நாளு உண்டா? போய் டீ குடிச்சிட்டு வா. அந்த டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.”

குடித்துவிட்டு வந்தாள். ஏணி இருந்தது. கருவிப் பை இருந்தது. ஆள் இல்லை. சுவிட்சைத் தட்டினாள், எரியவில்லை. திறந்த தகட்டையாவது சரியாக மூடினாரா என்று விளக்குமாற்றுக் காம்பால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. “பசை போட்டு ஒட்டிட்டுப் போயிருக்கான் புண்ணியவான்!” என்று தொலைபேசியில் கத்தினாள். “அவர் சனிக்கிழமைன்னா அப்படித்தான் அக்கா, பாதியில கிளம்பிடுவார்” என்றாள் அந்தப் பெண்.

அன்றைக்கு ஒரே ஆறுதல், ஏழாம் பெட்டி சாப்பிட்டதுதான். மதியம் பார்த்தபோது நாலு சுவர்க்கோழியும் காலி. அதன் பிறகு ஐந்து நாள் பட்டினி.

அவள் தீனிப் பதிவேட்டைப் பிரித்து, சிவப்பு விளக்குக்கு அருகே பிடித்தாள். நாளைக்கு நிபுணர்கள் கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டுமே. வந்த ஒன்றரை மாதத்தில் ஏழாம் பெட்டி தின்றது மூன்றே மூன்று நாள். ஓரத்தில் அவளே அன்றன்றைக்குக் கிறுக்கிவைத்த குறிப்புகள் இருந்தன. முதல் நாளில்: ‘எலிச் சத்தம் நின்றது. மருந்து வைத்தார்கள் போல, நல்லது.’ இரண்டாவதில்: ‘கேன்டீன் பூனை மறுபடி உள்ளே வந்தது, விரட்டினேன், எங்கே ஒளிந்ததோ.’ அந்தப் பூனையை அப்புறம் யாருமே பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மூன்றாவதில்: ‘எலக்ட்ரீஷியன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனார்.’

பனிக்கருவி ஒருமுறை இருமி அடங்கியது. அந்த ஒரு கணத்தில், தலைக்கு மேல், நனைந்த துணியை யாரோ மெதுவாகத் தரையில் இழுப்பது போல் ஒரு சத்தம். கருவி மறுபடி ஓடியது.

சுவரிலிருந்த தொலைபேசி அலறியது. அவள் பதிவேட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

“அக்கா, நான்தான், பராமரிப்பு.” இன்றைக்கு அந்தப் பெண் சிரிக்கவில்லை. “நம்ம எலக்ட்ரீஷியன் உங்ககிட்ட எதாவது சொல்லிட்டுப் போனாரா? வீட்டம்மா வந்து நிக்கறாங்க. சனிக்கிழமையிலேருந்து வீட்டுக்கே போகலையாம்.”

“என்கிட்ட... டீ குடிக்கப் போன்னு சொன்னாரு.”

“அவர் போனதை நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. வாசலில் கையெழுத்துப் போடாமல் போகிற பழக்கம் அவருக்கு உண்டு என்று அந்தப் பெண்ணே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டாள்.

ஏணி அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றது. மேல்படியில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சுண்ணாம்பு என்று ஐந்து நாளாக நினைத்திருந்தாள்.

ஏணியில் கை வைத்ததும் தொலைபேசி மறுபடி அடித்தது. இந்த முறை டாக்டர், மேல்மாடியிலிருந்து. குரலில் நாளைய குழுவைப் பற்றிய பதற்றம்.

“அக்கா, பெரிய சிக்கல். செத்த அந்த ஏழாம் பெட்டிக்காரியை இப்பத்தான் அறுத்துப் பாத்தேன். இனப்பெருக்க உறுப்பே வளரல.”

“அப்படின்னா?”

“அப்படின்னா வளர்ந்தது இல்ல. குட்டி. பிறந்து ரெண்டு மாசம்கூட இருக்காது. மத்தப் பெட்டியில இருக்கிற பெருசுங்க அளவுக்கு இருந்ததுன்னு நம்மளும் பெருசுன்னே நினைச்சுட்டோம். முட்டாள்தனம்! நாளைக்கு அவங்க முன்னால என்ன முகத்தை வெச்சுக்கிட்டு...”

“பன்னிரண்டுமா சார்?”

“பன்னிரண்டும்தான். ஒரே பிரசவம்.”

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். பிறந்த குட்டி விரல் நீளம். மூன்றாம் பெட்டியின் குட்டிகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு எள்ளுமணி இருக்கும். அவற்றின் தாய் விரல் நீளம். எள்ளுக்கு விரல் என்றால், விரலுக்கு ஒரு ஆள் நீளம்; யாருக்கும் வரும் கணக்கு.

“சார்,” என்றாள். “அப்போ அம்மா எங்க?”

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தம்.

மூன்றாம் பெட்டியில் அவள் பார்த்தது இன்னொன்றும் உண்டு. எத்தனை முறை! யார் பிடித்தாலும், யார் கட்டிப்போட்டாலும், முதல் வாய் பெரியவளுக்குத்தான். தாய் தின்று முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை மற்றவை பசியோடு சுற்றி உட்கார்ந்திருக்கும். தொடாது. செத்தாலும் தொடாது. மரியாதை தெரிந்த குடும்பம் என்று அவளே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள்.

எலி. பூனை. எலக்ட்ரீஷியன்.

“அக்கா,” டாக்டரின் குரல் இப்போது மிகவும் மெல்லியதாக இருந்தது. “அந்த மரத்துல வெடிப்பு சின்னதுதானே?”

“கை நுழையாது சார்.”

“இதுங்களுக்கு எலும்பு கிடையாது அக்கா. உடம்புல பத்துல ஒரு பங்கு இடுக்கு இருந்தாப் போதும்.” மூச்சு வாங்கினார். “லைட்டைப் போடுங்க. வெள்ளை லைட்டை. வெளிச்சம் வந்தா உள்ள போயிடும்.”

“எரியாது சார்.”

“ஏன் எரியாது?”

“மூணு புகார் எழுதியிருக்கேன் சார்.” அழுகை வந்தது அவளுக்கு, பயத்தைவிட ஆத்திரத்தில். “ஒருத்தராவது... ஒருத்தராவது படிச்சீங்களா?”

“அங்கேயே இருங்க. ஓடாதீங்க. நான் வர்றேன்.” தொலைபேசி மேசையில் மோதுகிற சத்தம், நாற்காலி விழுகிற சத்தம், ஓடுகிற சத்தம். நாலு மாடி இறங்க வேண்டும். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதற்கும் அவள் எழுதியிருந்தாள்.

ரிசீவரை மெல்ல வைத்தாள்.

கதவு ஏழடி தூரம். வெளிச்சம் புகாமலிருக்க இரட்டைக் கதவு, ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும். ஓடினால் எட்டு விநாடி. அவள் எத்தனை சுவர்க்கோழிகளைப் பார்த்திருக்கிறாள். ஓடுகிறவற்றின் மேல்தான் முதலில் பசை விழும்.

கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள்.

கட்டிப்போட்ட சுவர்க்கோழியைச் சுற்றிப் படுத்திருந்தவை எழுந்திருந்தன. பதினொன்றும். முன்னுடம்பைத் தூக்கி, கொம்புகளை நீட்டி. அவளை நோக்கி அல்ல. அவளுக்குச் சற்று மேலே.

பனிக்கருவி இருமியது. நின்றது.

மழைமண் வாசம் திடீரென்று மிக அருகில். இளஞ்சூடாக.

தோளில் ஒரு துளி.

டாக்டர் வருகிறவர்களுக்கு விளக்கும்போது சொல்வதுண்டு: பசை செய்ய அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால் வீணாக்காது. முதலில் இரையைக் கொம்பால் தொட்டுப் பார்க்கும். இரைக்குத் தெரியாத அளவு மெதுவாக. ரொம்பப் பெரியது என்றால் விட்டுவிடும்.

எலக்ட்ரீஷியன் அவளைப் போல் இரண்டு மடங்கு.

பின்கழுத்தில் ஏதோ பட்டது. பட்டதா? பூவிதழ் பட்ட மாதிரி. விலகியது. காது மடலில் ஒருமுறை. பின் இடது தோள் முனையில் ஒன்று, அதே நேரத்தில் வலது தோள் முனையில் ஒன்று. இரண்டும் அங்கேயே நின்றன. தையல் கடையில் அளவெடுப்பவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது போல.

மாடிப்படியில் தொலைவில் செருப்புச் சத்தம். மூன்றாவது மாடி.

அவள் மூச்சு விடவில்லை.

சிவப்பு வெளிச்சத்தில், பெட்டிக்குள், பதினொன்றும் தலையை இறக்கி, சுவர்க்கோழியைச் சுற்றி ஒழுங்காக வட்டமிட்டு உட்கார்ந்தன. பசி பொறுத்த பிள்ளைகள், அம்மா முதல் வாய் வைப்பதற்காகக் காத்திருந்தன.