இடது பக்கத்து நாற்காலி

பியானோவில் இடது கைப் பாகத்தை வாசிக்க வேண்டியவள் நான்தானே. நான் இங்கே சமையலறையில் இருக்கிறேனே.

பூசணிக்காயில் பாதி இறங்கிய கத்தியைப் பிடித்தபடி மெரிடித் அப்படியே நின்றாள். கூடத்துக்கு அந்தப் பக்கம், முன்னறையில், ஆறு வயது பிப்பா பியானோ பயிற்சியில் இருந்தாள். வலது கையின் ஐந்து ஸ்வரங்கள் வழக்கம்போலத் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, இதுவரை அந்த வீட்டில் கேட்டிராத தடித்த ஒலிகள் மூன்று, அவசரமே இல்லாமல், இருட்டில் வீட்டைப் பழகிய ஒருவர் நடப்பதைப்போலக் கூடவே வந்தன.

"பிப்பா, ரெண்டு கையாலயுமா வாசிக்கிற?"

"இல்லம்மா."

அவள் பதில் சொன்னபோதும் அந்த மூன்று ஒலிகள் நிற்கவில்லை.

மெரிடித் போய்ப் பார்ப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. பிப்பா கால்களை ஆட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே லான்செஸ்டன் ஊர் முழுவதும் விறகுப் புகை படிந்து, நாலரை மணிக்கே ஜூலை மாதத்துக் குளிர்கால வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பியானோவின் இடது பக்கத்தில் சமையலறை நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது.

அந்த நாற்காலி பியானோ ஆசிரியை மிஸ் ஹார்கிரேவின் விதி. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் முழுவதும் வீட்டுப் பெரியவர் ஒருவர் இடது பக்கம் உட்கார்ந்து, இடது கைப் பாகத்தை வாசித்துத் துணை செய்ய வேண்டும். பயிற்சி நோட்டில் நாளுக்கொரு கட்டம், அதில் கையெழுத்து. மெரிடித் நான்கு நாள் உட்கார்ந்தாள். முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணி வேலை, கால் வலி, கணவன் கிளின்ட் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுரங்க வேலைக்கு விமானத்தில் போய்விடுவது என்று காரணங்கள் நிறைய இருந்தன. உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே வரி நாற்பது தடவை. ஒரே இடத்தில் ஒரே பிழை. நான்காம் நாள், அந்தச் சிறு விரலைப் பிடித்துச் சரியான கட்டையில் நறுக்கென்று அழுத்த வேண்டும் என்று தனக்குள் எழுந்த ஆசையைக் கண்டு அவள் பயந்துபோனாள். எழுந்து சமையலறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏழு நாள் கையெழுத்தையும் வகுப்பு நாளான புதன்கிழமை காலை, பிப்பா ரொட்டி தின்னும் நேரத்தில், மொத்தமாகப் போட்டுவிடுவாள்.

மறுநாள் மிஸ் ஹார்கிரேவ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மெரிடித், வாசிக்கவே தெரியாதுன்னு என்னை நல்லா ஏமாத்திட்டீங்களே! உங்க இடது கை அவ்வளவு சுத்தமாம், பிப்பா சொல்றா."

"நானா?"

"அடக்கமெல்லாம் வேண்டாம். ஆனா ஒண்ணு, கொஞ்சம் விட்டுப் பிடிங்க. பிள்ளை கட்டையிலேர்ந்து கையை எடுக்கவே பயப்படுறா."

வைத்துவிட்டு நோட்டைத் தேடி எடுத்தாள். இந்த வாரக் கட்டங்களை அவள் இன்னும் தொடவில்லை. எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. அவளுடைய கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்துக் கீழே இழுக்கும் அவளுடைய பழக்கம்கூட அப்படியே. அடியில் பென்சிலில் ஒரு குறிப்பு:

மூன்றாம் வரியில் மறுபடி பிழை. விரலைப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது.

அன்று மாலை குளிப்பாட்டும்போது பிப்பாவின் வலது கையை நீருக்கு வெளியே தூக்கிப் பார்த்தாள். விரல் நுனிகளில், நகத்துக்கு அடியில், நாவல்பழ நிறத்தில் இரத்தம் கட்டியிருந்தது.

"யாருடி இப்படிப் பண்ணது?"

"நீதான்."

சோப்பு வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது.

"சமைக்கிற நீ இல்லம்மா," பிப்பா பொறுமையாக விளக்கினாள். "பக்கத்துல உட்கார்ற நீ."

கிளின்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். பின்னால் சுரங்கத்து உணவுக்கூடத்தின் தட்டுச் சத்தம்.

"பழைய பியானோ, உள்ள எலி இருக்கும்," என்றான் அவன். "உன்னைவிட நல்லா வாசிக்குதுன்னா அதையே உட்காரச் சொல்லு."

"கையெல்லாம் கன்னிப்போயிருக்கு, கிளின்ட்."

"பள்ளிக்கூடத்துல கதவுல நசுக்கியிருப்பா. நீ தூங்கி எத்தனை நாளாச்சு, மெரி?"

அவள் தொலைபேசியை வைத்தாள். பியானோவின் மூடியைச் சாத்திப் பூட்டினாள். நாற்காலியைக் கொல்லைக் கொட்டகையில் போட்டுக் கதவைத் தாழிட்டாள். பியானோ இனி வேண்டாம் என்று பிப்பாவிடம் சொன்னாள். பிப்பா அழவில்லை. அம்மாவுக்காகப் பரிதாபப்படுவதுபோலத்தான் பார்த்தாள்.

அடுத்த நாள் நாலரை மணிக்குச் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பாட்டு ஆரம்பித்தது.

ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. பிப்பா சாத்திய மூடியின்மேல் வலது கையை வைத்து, வெறும் மரத்தில் விரல்களை ஊன்றிக்கொண்டிருந்தாள். ஒலி மரத்துக்கு உள்ளேயிருந்து வந்தது. இடது பக்கத்தில் நாற்காலி. அதன் கால்களில் கொல்லையின் ஈர மண். மூன்றாம் வரியில் பிழை வந்ததும் ஒலி நின்றது. பிப்பாவின் நடுவிரல் தானாகவே மரத்தோடு தட்டையாக நசுங்கியது. அவள் பல்லைக் கடித்தாள். சத்தம் போடவில்லை. பழகியிருந்தாள்.

மெரிடித் மகளை இடுப்போடு சேர்த்துத் தூக்கினாள். வரவில்லை. மகளின் கை மூடியை விட்டு அசையவில்லை. இழுக்க இழுக்க அந்தச் சிறு தோள்தான் இழுபட்டது.

நாற்காலி காலியாக இருந்ததால்தானே அது வந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. அறை அமைதியானது. பிப்பாவின் விரல் விடுபட்டது. அவள் அதை வாயில் வைத்துச் சப்பினாள். வெளியே புகையில் தெருவிளக்கு மங்கலாக எரியத் தொடங்கியது. மெரிடித் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினாள்; தன் விரல்களைக் கட்டைகளின்மேல் வைத்தாள்.

"நானே வாசிக்கிறேன், கண்ணு. இனிமே தினமும்."

"அம்மா." பிப்பாவின் குரல் தணிந்தது. கதவைப் பார்த்தாள். "எழுந்திரும்மா. நீ வர்ற நேரமாச்சு."

கூடத்தில் காலடி. மெரிடித்துடைய அதே செருப்பின் சத்தம். இடது கால் சற்றே இழுபடும் சத்தம்.

மெரிடித் திரும்பவில்லை.

காலடி பின்னால் வந்து நின்றது. பூசணி வாசனை. அவள் பூசும் கைக்களிம்பின் வாசனை. பிறகு மடியில் ஒரு கனம், மெல்ல மெல்ல, முழுதாக இறங்கியது. தொடைகள் மரத்துப்போயின. அவள் போட்டிருந்த அதே கம்பளிச் சட்டை அணிந்த கைகள் இரண்டு அவள் தோளையொட்டி முன்னே நீண்டன.

அவை பிப்பாவை நோக்கிப் போயின. மெரிடித் சட்டென்று சாய்ந்து மகளின் கைகளைத் தன் உள்ளங்கைகளால் பொத்தினாள். அந்தக் கைகள் அவளுடைய கைகளின்மேல் படிந்தன. அழுத்தின. குளிர். இன்னும் அழுத்தின. அவள் விரல்களுக்கு அடியில் அந்தச் சின்ன எலும்புகள் வளைவதை அவளால் உணர முடிந்தது. முதல் கட்டை கீழே போனது. அடுத்தது. சுத்தமாக, பிழையே இல்லாமல்.

"வலிக்குதும்மா." பிப்பா கண்ணீரோடு அவள் முகத்தைப் பார்த்தாள். "எழுந்திரு. ப்ளீஸ். நீ எழுந்திரு."

எழுந்தால் நாற்காலி காலியாகும்.

மூன்றாம் வரி வந்தது.

"மாட்டேன்," என்றாள் மெரிடித், மிக மெதுவாக.