இலை கொண்டு வந்தால் காலணா குறைவு

"ஏனுங்க... இது என்னங்க?"

"இலைங்க, அம்மிணி."

"அது தெரியுதுங்க. வாழ இலையில்ல கொண்டாரோணும்?"

"பலகையில அப்படி ஒண்ணும் எழுதலையே! 'இலை கொண்டு வந்தால் காலணா குறைவு'ன்னுதான் இருக்குது. நானும் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன்."

சாலம்மாள் சோற்றுக்கடை வாசலில் தொங்கிய பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பலகையில் சுண்ணாம்பைத் தொட்டு எழுதியவளே அவள்தான். வந்தவனோ கையில் முறம் அகலத்துக்கு ஒரு தாமரை இலையை வைத்துக்கொண்டு, 'இப்ப என்ன சொல்லுவே?' என்பதுபோலச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்... சிரிப்பதும் வாயல்ல, கண்கள்! வெளியே ஐப்பசி மழை. நனைந்த தலையிலிருந்து சொட்டிய நீர் இமையில் தங்கி நின்றது. துடைக்கக்கூட இல்லை, பாவி.

'சரியான வம்புக்காரன்' என்று நினைத்துக்கொண்டே, "உக்காருங்க" என்றாள்.

அந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. கடலைக்காய் விலை பாதிக்குப் பாதி விழுந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு மூட்டை கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் அதைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கையில் காசு சுருங்கினால் மனிதன் முதலில் விடுவது கடைச் சோற்றைத்தானே? சாலம்மாளின் அப்பா அங்கமுத்துவின் சோற்றுக்கடையில் ஈ கூட யோசித்துத்தான் உட்கார்ந்தது. தாயில்லாத பெண், அப்பா சமைக்க, அவள் பரிமாறுவாள். "தை வரைக்கும் பாக்கலாம் சாமி. இல்லாட்டி அடுப்ப அணைச்சுட்டு வாழப்பாடிக்கு, எந் தம்பி ஊட்டோட போயிரலாம்" என்று அப்பா மகளிடம் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து புகையும் சோற்று மணமுமாய் வளர்ந்தவள் அந்த அடுப்பை அணைய விடுவாளா? வாழை இலை வாங்கும் செலவாவது மிஞ்சட்டும் என்றுதான் அந்தப் பலகையை எழுதி மாட்டினாள். சாப்பாடு இரண்டணா, இலையோடு வந்தால் ஒன்றே முக்கால்.

தாமரை இலையில் சோறு நின்றது. ரசம் நிற்கவில்லை. முத்து முத்தாய் உருண்டு ஓடியது.

"ரசம் ஓடுதுங்களே!" என்றாள், சிரிப்பை அடக்கி.

"நானும் தொரத்திக்கிட்டுத்தான் இருக்கறேன், அம்மிணி."

அவ்வளவுதான்... அடக்கிய சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே அப்பா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

பெயர் குழந்தைவேல். பனமரத்துப்பட்டி. ஏரிக்கரையில் ரெண்டு ஏக்கர் கடலைக்காடு. செவ்வாய் தவறாமல் சந்தை. எந்தக் கடையில் எந்த விலைக்கு எவ்வளவு சோறு என்பது அவனுக்கு அத்துப்படி. கேட்காமலே சொன்னான்:

"ரயிலடிப் பக்கம் ஒரு கட. ஒண்ணரையணாதான். ஆனா ரெண்டாஞ் சோத்துக்குக் கரண்டி பாதிதான் சாயும். எண்ணெய் மண்டிக்கிட்ட இன்னொண்ணு... சோறு தாராளம், கொழம்புல பருப்பத் தேடறதுக்கு வெளக்குப் புடிக்கோணும்."

"இங்க எப்படிங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இங்க... வயிறு போதும்னு சொல்ற வரைக்கும் கரண்டி நிக்கல. இந்தக் காலத்துல இப்படிப் போடறதுக்கு மனசு வேணுமுங்க."

யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. காது மடல் சுட்டது. மோர் ஊற்றுகிறேன் என்று இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டாள்!

அடுத்த செவ்வாய் அவன் தனியாக வரவில்லை. நாலு வண்டிக்காரர்கள், கூடவே ஒரு கட்டுத் தாமரை இலை. அதற்கடுத்த வாரம் பத்துப் பேர். 'எங்கடா சோறு மலிவு?' என்று கேட்டவனுக்கெல்லாம் இந்தக் கடையைக் கைகாட்டினான். ஏரி இலைக்குக் காசா, பணமா? மாசம் ஒன்று முடிவதற்குள் கடை வாசலில் ஆட்கள் காத்து நின்றார்கள். அப்பா பெரிய அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தார். வாழப்பாடிப் பேச்சே நின்றுவிட்டது.

இதற்கு என்ன கைம்மாறு செய்வது? 'நீங்க நல்லா இருக்கோணுமுங்க'... இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தாள், பைத்தியக்காரி. செவ்வாய் வந்து அவன் எதிரே உட்கார்ந்ததும் 'ரசமா, மோரா?' என்று மட்டும் கேட்பாள்.

அன்று அவன் சாப்பிட்டுவிட்டுக் காசை நீட்டினான். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க... உங்ககிட்ட வாங்கறதில்லீங்க."

பக்கத்து இலையிலிருந்த வண்டிக்காரன் பச்சமுத்து கடகடவென்று சிரித்தான். "அட்ரா சக்கை! ஆளு கூட்டியாந்ததுக்குத் தரகா, கொழந்தவேலு? எங்களையெல்லாம் மாட்டாட்டம் ஓட்டியாந்து வித்துப்புட்டியே!"

பந்தியே சிரித்தது. குழந்தைவேலின் முகம் கறுத்துவிட்டது.

"நான் தரகன் இல்லீங்க, அம்மிணி. சோறு நல்லா இருந்துச்சு... சொன்னேன். அதுக்குக் கூலி தாரீங்களா?"

காசைத் தரையில் வைத்தான். இலையை மடக்கினான். தன் பக்கமாக அல்ல... எதிர்ப்பக்கமாக! கல்யாண வீட்டில் இலையைத் தன்னை நோக்கி மடக்குவார்கள், இந்த உறவு இன்னும் வேண்டும் என்று. இழவு வீட்டில்தான் அப்படி எதிரே தள்ளி மடக்குவது. மடக்கியவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

"என்ன சாமி பண்ணிப்புட்டே?" என்றார் அப்பா மெல்ல.

நாலு பேர் முன்னால் அவனை இப்படித் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறு செவ்வாய் அவன் வரவில்லை. பச்சமுத்து மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, ஒரு கட்டுத் தாமரை இலையை இறக்கி வைத்தான்.

"கொழந்தவேலு குடுத்தனுப்புனானுங்க. 'கடைக்கு இலை கொறையக் கூடாது'ன்னான். என் வாய்க்கொழுப்புத்தான் எல்லாம். அவன் மண்டி ஓரத்துல, வண்டிக்கிட்ட கம்பஞ்சோத்தத் தின்னுக்கிட்டுக் கெடக்கறான்."

கோபத்திலும் இலை அனுப்பியிருக்கிறான்! இதற்குமேல் ஒருத்தி எப்படித் தாங்குவாள்? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அப்பா... ஒரு நாழி கடையப் பாத்துக்கறீங்களா?"

அங்கமுத்து குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "போயிட்டு வா சாமி. அந்தப் பையனப் பத்தி விசாரிச்சுட்டேன். பொண்ணு குடுக்க நமக்கு மொறையாகற சனந்தான்."

மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். மண்டிச் சுவர் ஓரம், மூடு வண்டிக்குள் அவன். மடியில் கம்பஞ்சோற்றுத் தூக்குப்போசி. அவளைக் கண்டதும் போசியோடு கீழே குதித்தான்.

"இலைய அப்படி மடக்கிட்டுப் போனீங்களே..." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்க ஊட்டுல இழவாங்க?"

"ஐயோ, அம்மிணி!" அவன் பதறினான். "கோவத்துல கை பண்ணிப்புடுச்சு. பாதி வழி போன பொறவுதான் ஒறைச்சுது. ஒரு வாரமா சோறு எறங்கல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வாரதுன்னுதான்..."

மழை மண்டியின் தகரக் கூரையில் தடதடத்தது. அவள் தலை குனிந்தாள். அவனே மேலே சொன்னான்.

"மொதோ வாரம் உங்க கடைக்கு மலிவுக்குத்தான் வந்தேன். பொய் சொல்லல. மறுவாரம் வந்தது... மலிவுக்கில்லீங்க."

அவள் நிமிரவில்லை. கால் கட்டைவிரல் ஈர மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

"ஆளுகளக் கூட்டியாந்ததும் கூலிக்கில்ல. கடைய மூடிட்டா நீங்க வாழப்பாடிக்குப் போயிருவீங்கன்னு உங்கப்பா சொன்னாரு. அதான்... ஆனா நீங்க நாலு பேருக்கு முன்னால தரகுக் கணக்குப் பாத்துட்டீங்களே, அம்மிணி?"

"தரகுன்னு ஆருங்க சொன்னது?" இப்போது அவள் நிமிர்ந்தாள். மழை நீரா, கண்ணீரா, கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "உங்களாலதான் எங்க அடுப்பு எரியுது. அதுக்கு ஆயுசுக்கும் கும்பிடுவேன். ஆனா காசு வேண்டான்னது அதுக்கில்லீங்க."

"பின்ன எதுக்கு?"

ஆனது ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"ஊட்டு ஆளுகிட்ட... ஆராச்சும் சோத்துக்குக் காசு வாங்குவாங்களா?"

குழந்தைவேல் பாதிச் சோற்றோடு தூக்குப்போசியை மூடினான். அந்தக் கண்கள் மறுபடியும் சிரித்தன, ஓரத்தில் ஈரம்.

"அப்ப வா அம்மிணி... ஊட்டுக்குப் போலாம். பசிக்குது."