ராணியை விட்டு நழுவிய வெளிச்சம்

தடுக்கி விழுந்தது அவள். கத்தியது அவன்.

"ஏங்க... பாத்துங்க! கேபிள்!"

"விழுந்தது நானு... கேபிளுக்கு ஒண்ணும் ஆகலையே? அடி கிடி பட்டிருந்தா சொல்லுங்க, மருந்து போட்டுடலாம்."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். மத்தியான வேளை. அரங்கத்தில் நாற்காலிகள் காலி. மேடையில் தச்சர்கள் அரண்மனைச் சுவரை ஆணியடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பின்பக்க பால்கனியில் இருக்கிற பெரிய வட்ட விளக்குதான் அவள் உலகம். நடிகர் எங்கே போனாலும் விடாமல் பின்தொடர்கிற அந்த விளக்கை ஆட்டுவதால், நாடகக் குழுவில் அவளுக்கு 'ஸ்பாட்டு' என்றே பெயர். அவன் அன்று காலையில்தான் ஒலி வேலைக்குச் சேர்ந்தவன். மத்தியானத்துக்குள் 'சவுண்டு' ஆகியிருந்தான்.

"பால்கனிக்குப் போக எனக்கு இருக்கறது இந்த ஒரே வழி. அதுலயும் கயிறு கட்டி வெச்சிருக்கீங்க!"

"கயிறு இல்லங்க, கேபிள். டேப் ஒட்டிட்டுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க புயல் மாதிரி வந்துட்டீங்க."

"நீங்க டேப் ஒட்டி முடிக்கிற வரைக்கும் உங்களோட இங்கயே குடும்பம் நடத்தணுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஐயோ... என்ன கண்கள்! தூக்கம் போதாமல் சிவந்திருந்தும் சிரிக்கிற கண்கள். சிரிப்பு வேண்டிக் கிடக்கு சிரிப்பு... என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படியேறினாள். ஏறி முடிக்கும்வரை முழங்கால் வலி ஞாபகமே வரவில்லை.

மறுநாள் ஒத்திகையில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று கொட்டிய மழையில் அரங்கமே குளிர்ந்துபோனது. எல்லாரும் வாசலுக்கு ஓடிக் கை நீட்டி நனைந்தார்கள். அவன் மட்டும் மேடை நடுவில் நின்று கூரையைப் பார்த்து, "நிறுத்தித் தொலையேன்... எல்லா மைக்லயும் நீதான் பேசிட்டிருக்கே!" என்று மழையோடு சண்டை போட்டான். பால்கனியிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவன் அண்ணாந்து பார்த்தான். இந்த முறை இரண்டு பேருமே சீக்கிரம் பார்வையை எடுக்கவில்லை...

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஸ்டேஜ் மேனேஜர் அவளுடைய சொந்தத் தாய்மாமா. வீட்டில் மாமா, அரங்கத்துக்குள் சார். "இருட்டு பால்கனில பொண்ணுக்கு என்னடா வேலை?" என்று கேட்ட தன் அக்காவிடம், அதாவது அவள் அம்மாவிடம், "என் மருமக கை மாதிரி நிதானமான கை இந்தத் தொழில்லயே கிடையாது" என்று சண்டை போட்டு அவளைக் கூட்டி வந்தவர். அந்த வார்த்தையை அவள் இதுவரை பொய்யாக்கியதில்லை. ஓடுகிற வீரனோ, சுழலுகிற நாட்டியக்காரியோ, யாரும் அவள் வட்டத்தைவிட்டு ஒரு அடி வெளியே போனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்றைக்கு அரங்கம் நிறைந்த கூட்டம். ராணி அழுகிற காட்சி. மேடை முழுக்க இருட்டு. ராணி மேல் மட்டும் அவளுடைய வட்டம். மறுகோடியில், இருட்டில், சிம்மாசனத்தில் ராஜா. அவர் அடுத்து வசனம் பேச வேண்டும். அவர் மைக் செத்துவிட்டது. புது பேட்டரியோடு சவுண்டு சிம்மாசனத்துக்குப் பின்னால் தவழ்ந்து போனான். மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் கறுப்புச் சட்டைதான் போடுவார்கள், அவனும் கறுப்புதான். சத்தம் வரக் கூடாதென்று ஷூவைக் கழற்றியிருந்தான். உள்ளே போட்டிருந்த சாக்ஸ்தான் பளீரென்ற வெள்ளை!

இருட்டில் இரண்டு வெள்ளைச் சாக்ஸ்கள் நகர்வதை அவள் பார்த்தாள். அவன்தான்... மெதுவா... முழங்கால இடிச்சுக்காதீங்க... அவ்வளவுதான் நினைத்தாள்.

வெளிச்சம் ராணியை விட்டு நழுவியது. மேடையைக் கடந்து ஓடி, நாலு காலில், வாயில் பேட்டரியைக் கவ்விக்கொண்டிருந்தவன் மேல் போய் ஜம்மென்று உட்கார்ந்தது.

அரங்கத்தில் கூரை பிய்த்துக்கொண்டது போல் சிரிப்பு. ராஜா அனுபவஸ்தர். மைக் இல்லாமலே, "யாரங்கே! என் சிம்மாசனத்தின் அடியில் எலியா?" என்று கர்ஜித்தார். சவுண்டு பேட்டரியை வாயிலிருந்து எடுத்து, பாவம், "இல்ல மன்னா... நான் சவுண்டு" என்றான். கைதட்டல் அடங்கவில்லை. ராணி மட்டும் இருட்டில், யாரும் பார்க்காமல், தனியாக அழுது முடித்தாள்.

நாடகம் முடிந்ததும் அவன் பால்கனிப் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான்.

"கேபிள் தடுக்கி விழுந்ததுக்கு இப்படியா பழி வாங்குவீங்க?"

அவள் யோசித்தாள். நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகும்? உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், கை கண்ணோடு போய்விட்டது என்றா சொல்வது? மாமா காதுக்குப் போனால்? பொல்லாதவள் என்ற பேரோடு பிழைத்துவிடலாம். கவனம் சிதறுகிறவள் என்ற பேரோடு இந்த விளக்கைத் தொட முடியுமா?

"ஆமா... அப்படியே வெச்சுக்கோங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு 'சவுண்டு' என்ற பேர் போய் 'எலி' வந்தது. "எலிக்கு ஒரு டீ!" என்று கேன்டீன் வரைக்கும் பரவியது. அவன் அவளிருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நாடகத்தின் கடைசி நாள் காலையில் மாமா மெதுவாக ஆரம்பித்தார்.

"சவுண்டு வேற பாட்டுக் குழுவுக்குப் போறானாம். உன்னோட வேலை செய்ய முடியாதாம்."

அவள் முகம் காட்டாமல் சொன்னாள். "போனா போகட்டுமே சார்."

"அன்னிக்கு என்னம்மா ஆச்சு?"

"கை வழுக்கிடுச்சு."

"உன் கையா?" என்றார் மாமா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மாலைக்காட்சி இல்லை. மத்தியானக் காட்சியோடு நாடகம் முடிந்தது. தச்சர்கள் அரண்மனையை இடிக்கத் தொடங்கினார்கள். அவன் மேடையில் உட்கார்ந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் இன்னும் சற்று நேரத்தில் போய்விடுவான்... கோபத்தோடு போய்விடுவான்... அவள் எதிரில் போய் உட்கார்ந்து ஒரு கேபிளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அப்படிச் சுத்தினா முறுக்கிக்கும். விடுங்க."

"நான் பழி வாங்கல."

அவன் நிமிரவில்லை. "நீங்கதானே ஆமான்னீங்க?"

"பொய் சொன்னேன். ஸ்பாட் பிடிக்கிறவங்க கை தனியா எங்கயும் போகாதுங்க. கண்ணு எங்க போகுதோ அங்கதான் போகும். ராணி அழுதுட்டிருந்தா... நான் ராணியப் பாக்கல. உங்களப் பாத்துட்டிருந்தேன்." கேபிளைக் கீழே வைத்தாள். "என் தொழில்ல இதவிட அவமானம் கிடையாது. பொல்லாதவள்னு நீங்க நெனச்சா பரவாயில்லன்னு இருந்தேன். நீங்க போறீங்கன்னதும்... பரவாயில்லன்னு இருக்க முடியல."

அவன் கையில் சுற்றிக்கொண்டிருந்த கேபிள் அப்படியே நின்றது.

"வேலை நேரத்துல ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க எல்லாருக்கும் ஹெட்செட் குடுக்கிறது நான்தானே?" என்றான். "என்னோடதுல உங்க சத்தத்த மட்டும் கூட்டி வெச்சிருந்தேன். நீங்க கடலை கொறிக்கிறது, கொட்டாவி விடறது, ராணி சரியா நடிக்கலன்னு முணுமுணுக்கறது... எல்லாம் கேட்டுட்டேதான் ராஜா பேட்டரியப் பாக்க மறந்தேன்."

அவள் வாய் பிளந்தாள். "அப்போ தப்பு உங்களோடதா! அதோட... ஒட்டுக் கேட்டீங்களா?"

"தப்புதான். இனிமே கேக்கல."

"அது இருக்கட்டும். எதுக்குக் கேட்டீங்க... அதச் சொல்லுங்க."

அவன் காது சிவந்தது. உதடு அசைந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

"கேக்கலங்க. ஊருக்கெல்லாம் சத்தம் குடுக்கறவரு... சொந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கூட்டக் கூடாதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, கத்தியே விட்டான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு! நான் எங்கயும் போகல!"

காலி அரங்கம் அதை வாங்கிக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது. தச்சர்களின் சுத்தியல்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. இடிந்த அரண்மனைக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் மட்டும் வந்தது.

"கேட்டுடுச்சுப்பா... எங்க எல்லாருக்கும் கேட்டுடுச்சு. என் அக்காகிட்ட பேசறப்போ மட்டும் கொஞ்சம் கொறச்சுப் பேசு!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும்தான்" என்றாள். அதை அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.