கூமூர் என்கிற பயங்கரக் கடத்தல்காரன்

போன் அலறியது.

நைஜர் நாட்டின் அகடெஸ் நகருக்கு வடக்கே, பாலைவனச் சோதனைச் சாவடியில் இன்ஸ்பெக்டர் சனூசி எடுத்தார்.

மறுமுனையில் கரகரத்த குரல்.

"லிபியாவுக்கு ஆள் கடத்துற கூமூர்... சந்தைக்குப் பின்னாடி வீட்ல இருக்கான். சீக்கிரம் வாங்க."

ஜீப் பறந்தது!

கூமூர் குளித்து, புதுத் தலைப்பாகை கட்டி, வாசலில் காத்திருந்தான். கையில் அந்த போன்!

ஆம்... தன்னைத் தானே காட்டிக் கொடுத்திருந்தான்.

விஷயம் இதுதான். அகதிகள் தன் கரைக்கு வராமல் வழியிலேயே தடுக்கச் சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் நைஜருக்கு அள்ளிக் கொடுத்தது. தொழிலை விட்ட கடத்தல்காரன் மேல் வழக்கில்லை. கூடவே மறுவாழ்வு உதவி. ஒருவனுக்கு மாவு மில்... இன்னொருவனுக்கு ஃப்ரீசர்...

யோக்கியனுக்கு?

வெறும் கை. எனக்கே வயிறு எரிகிறது.

கூமூரின் ஆடுகள் வறட்சியில் செத்துவிட்டன. ஒரு ஃப்ரீசர் கிடைத்தால் ஐஸ் விற்றுப் பிழைப்பான். இல்லாவிட்டால் பிள்ளைகள் பட்டினி. அதற்கு, அவன் கடத்தல்காரன்தான் என்று போலீஸ் சொல்ல வேண்டும்.

தலைநகரிலிருந்து வந்திருந்த உயரதிகாரி சலாமத்து சாவடியில் அவனை விசாரித்தாள். எத்தனை பேரைக் கடத்தினாய் என்று கேட்டாள்.

"அந்தக் கணக்கு பாலைவனத்துக்குத்தான் தெரியும் மேடம்."

அவன் மனைவி ரகியாவும் விடவில்லை. இவரைப் போலக் கொடூரமான ஆளே கிடையாது என்று பெருமையாகச் சாட்சி சொன்னாள். வீட்டில் கோழியறுக்கவே அவள்தான் வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

"சரி, ஜீப்பை ஓட்டிக் காட்டு" என்றாள் சலாமத்து.

கூமூர் பணிவாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

ரகியா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஃப்ரீசர் போச்சு...

சனூசி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவனா கடத்தல்காரன்? மேடம், இத்தனை வருஷத்துல என்னைக் கவனிக்காம ஒரு கடத்தல்காரன் இந்தச் சாவடியத் தாண்டினதில்ல. இவன் மூஞ்சியவே நான் பார்த்ததில்லையே..."

சிரிப்பு பாதியில் நின்றது.

சலாமத்து மெல்ல எழுந்தாள். கைவிலங்கு சத்தமிட்டது... சனூசியின் மணிக்கட்டில்!

சனூசி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம்... இந்த நிமிஷத்தோட நானும் தொழிலை விட்டுட்டேன். அந்த ஃப்ரீசர்..."

பின்சீட்டிலிருந்து கூமூர் தலையை நீட்டினான்.

"க்யூவுல வாங்க சார். நான் முன்னாடி வந்தவன்."